போன் சிமெண்டு: கையால கிண்டுறதா, வாக்குவமா? அனுபவம் உள்ளவிய சொல்லுங்க

தியேட்டர் சிஸ்டர், நாகர்கோவில்:
முட்டு மாத்துற ஆபரேஷன்ல செயற்கை முட்ட எலும்போட பிடிக்க வைக்குத போன் சிமெண்ட கலக்குறது எங்க வேலையாக்கும். 40 கிராம் பவுடர், 20 மில்லி லிக்விட், சேத்து கிண்டணும், கேக்க லேசாதான் இருக்கும். புதுசா வர்ற பிள்ளைய இறுகிருமோன்னு வெப்ராளப்பட்டு முட்டைய அடிக்கது மாதிரி அடிச்சுக் கிண்டும், அப்ப காத்து உள்ள போயி குமிழியா நின்னுரும். பைய, ஒரே சீரா கிண்டணும். எங்க தியேட்டர்ல இப்ப வாக்குவம் கிட்டு வந்தாச்சு, மூடுன டப்பாவுக்குள்ள கலக்கும்போதே பம்பு காத்த உறிஞ்சிரும், அந்த லிக்விடோட (மோனோமர்) நாத்தமும் குறைவு (முன்னாடி தலைவலியோடதான் வீட்டுக்குப் போவேன்). மிச்சம் வந்த உருண்டைய இறுகுன பொறவு உடைச்சுப் பாருங்க, கையால கிண்டுனதுல ஓட்ட ஓட்டயா இருக்கும். உங்க எடத்துல எப்படி?

மார்த்தாண்டம் மெக்கானிக்கல்:
அக்கா, எம்.இ. ப்ராஜெக்டுல நான் இத டெஸ்ட் பண்ணுனேன். போன் சிமெண்டுக்குள்ள சர்வதேச தர விதி ஐஎஸ்ஓ 5833 படி அமுக்குனா குறைஞ்சது 70 மெகாபாஸ்கல் தாங்கணும், கையால கலக்குனதும் அத தாண்டிரும், அதனால அமுக்கிப் பாத்துட்டு வித்தியாசம் இல்லன்னு சொல்லிரக்கூடாது. திரும்பத் திரும்ப லோடு குடுத்தாதான் வேஷம் கலையும். விரிசல் குமிழியிலருந்துதான் கெளம்பும், முட்டுங்கது நடக்க நடக்க லோடு வாங்குத எடம்லா. வாக்குவத்துல கலக்குன பீஸு இந்த திரும்பத் திரும்ப லோடு குடுக்குத டெஸ்ட்ல (ஃபட்டீக்) நல்லாவே தாக்குப்பிடிச்சுது. ஆனா ஒண்ணு, குமிழி இல்லாததுனால இறுகும்போது சுருங்குறதும் கூடும். சுவீடன் நாட்டுல மூட்டு மாத்துனவங்கள பதிஞ்சு வைக்குத ரிஜிஸ்டர்ல, இடுப்பு மாத்துனவங்க கணக்குல வாக்குவம் முதல் சில வருசம் கொஞ்சம் பின்தங்கி, பொறவுதான் முன்ன வந்திருக்கு. அதனால வாக்குவம்னாலே முடிஞ்சுதுன்னு நான் சொல்ல மாட்டேன்.

குலசேகரம் ஓ.டி. டெக்னீசியன்:
தம்பி சொன்னது சரிதான், ஆனா நம்ம ஊர்ல பெரிய வில்லன் சூடு. ஏப்ரல்ல ஏசி படுத்துச்சுன்னா சிமெண்டு நினைக்கதுக்கு முன்னாடியே கட்டியாயிரும், டாக்டர் எலும்புக்குள்ள அமுக்குததுக்கு நேரமே கெடைக்காது. அதனால சில எடத்துல முன்னாடியே ஃபிரிட்ஜுல வச்சு எடுப்பாவ, குளுந்தா நேரம் கூடக் கெடைக்கும், இளகலாவும் இருக்கும். எப்படி வச்சாலும் கம்பெனி பேப்பர்ல போட்டுருக்க டைம் நம்ம ரூம் சூட்டுக்கு பொருந்துதான்னு பாத்துக்கணும். இன்னொண்ணு, ஊசிக்குள்ள தண்ணியா இருக்க ஆன்டிபயாட்டிக்க ஊத்திக் கலக்கச் சொல்லுவாவ, வேண்டாம், பலம் நல்லாவே குறையும். பவுடர்தான் போடணும், அதுவும் அளவாத்தான்.

கருங்கல்காரன்:
எங்க அம்மைக்கு அடுத்த மாசம் முட்டு ஆபரேஷன். டாக்டர்ட்ட எந்த முறைன்னு கேக்கலாமா, கோவப்படுவாரோ?

தியேட்டர் சிஸ்டர், நாகர்கோவில்:
தாராளமா கேளுங்க தம்பி, கோவப்பட இதுல என்ன இருக்கு. கூடவே சிமெண்டு வைக்குததுக்கு முன்னாடி எலும்ப தண்ணி பீச்சிக் கழுவி காய வைப்பீங்களான்னும் கேளுங்க. ரத்தம் ஊடால போயிட்டா வாக்குவத்துல கலக்குன சிமெண்டும் எலும்பும் சரியா ஒட்டாது. அம்மைக்கு சுகர் இருந்தா அத இப்பமே கண்ட்ரோல்ல கொண்டு வாங்க.