மறு: ஒக்கரினாவுக்கு 'ஊதுகலயம்' சரியா?

அனைவருக்கும் வணக்கம். ஒக்கரினா என்பது விரல் துளைகளுள்ள, வாயால் ஊதும் சிறு மண் கருவி. நம் சொற்பட்டியலில் அதற்கு நான் சொன்ன 'ஊதுகலயம்' என்ற தமிழ்ப் பெயர் பற்றி வந்த கேள்விக்கு இது பதில்.

> ஒக்கரினாவும் ஒரு வகைக் குழல்தானே? 'மண்குழல்' என்றே வைத்துவிடலாம், கேட்டவுடன் புரியும்.

ஓசூர் அண்ணா, புரியும் என்பது உண்மை. ஆனால் குழல் என்றதும் நீளம்தான் மனதில் வருகிறது. புல்லாங்குழலில் துளை எந்த இடத்தில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் சுரம். ஒக்கரினாவில் உள்ளே அடைபட்ட காற்று மொத்தமாக அதிர்கிறது. கருவியின் வயிற்றின், அதாவது உள்குழிவின், கொள்ளளவும் திறந்திருக்கும் துளைகளின் மொத்தப் பரப்பும்தான் கணக்கு. துளை எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் பொருட்டே இல்லை. வெறும் பாட்டிலின் வாயில் ஊதினால் எழும் ஓசையும் இதே வகைதான். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிவியலாளர் பெயரில் இயற்பியலில் படிப்பது இதைத்தான்.

பென்னாகரத்தில் பிள்ளைகளுக்குச் செய்யச் சொல்லித் தரும்போது இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரிகிறது. 'மண்குழல்' என்றால் மண்ணை நீளமாக உருட்ட ஆரம்பிக்கிறார்கள். 'கலயம்' என்றால் கட்டைவிரல் தானாகக் குழிக்கப் போகிறது. அதனால்தான் 'ஊதுகலயம்' என்கிறேன். பிளாஸ்டிக்கில் செய்தால் என்ன சொல்வது என்று கேட்கலாம். செம்புக் கலயம், வெள்ளிக் கலயம் என்றெல்லாம் சொல்கிறோமே, அதுபோல இதுவும் நிற்கும்.

கிருஷ்ணகிரி அக்கா சொன்ன 'குடக்குழல்' அழகான சொல். ஆனால் குடம் என்றால் நமக்குக் கடமும் குடமுழாவும், அதாவது தட்டுகிற கருவிகள் நினைவுக்கு வருகின்றன. 'வாத்தூதி' என்ற யோசனையும் வேண்டாம். 1853 வாக்கில் இத்தாலியின் புத்ரியோவில் இன்றைய வடிவத்தைக் கொண்டுவந்த ஜுசெப்பே தொனாத்தியின் ஊர்ப் பேச்சில் ஒக்கரினா என்றால் சின்ன வாத்து. அந்தப் பெயர் அங்கேயே இருக்கட்டும். சீனாவின் சூன் போன்ற ஊதுகருவிகள் இதைவிட மிகப் பழையவை, அவற்றுக்கும் வாத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஊதுகலயம் என்றால் இவை எல்லாமே அதற்குள் அடங்கும்.

அடுத்து உறுப்புகளின் பெயர். புதிதாகச் செய்பவர் திணறுவது இங்கேதான், எனவே இந்தச் சொற்கள் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டு அரைக் கிண்ணங்களைக் குழித்து, ஓரங்களைக் கீறி, மண் குழம்பு தடவி ஒட்டுகிறோம். நகம் பட்டால் தழும்பு மட்டும் விழுகிற பதத்துக்குக் காய்ந்ததும், ஊதும் முனையில் ஐஸ் குச்சியைச் செருகித் தட்டையாக ஒரு வழி விடுகிறோம். இதை 'மூச்சுவழி' எனலாம். அது வெளிப்படும் இடத்தில் ஒரு சிறு சன்னல் வெட்டி, எதிர் ஓரத்தைச் சரிவாகச் சீவி மெல்லிசாக்குகிறோம். மூச்சு அந்த ஓரத்தில் மோதி மேலும் கீழுமாகப் பிரிந்து அலைவதால்தான் ஓசை பிறக்கிறது. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி மூச்சுவழிக்குள் பார்த்தால், அந்த ஓரம் நடுவில் ஒரு கோடாகத் தெரிய வேண்டும். கோடு ஏறியோ இறங்கியோ இருந்தால் வெறும் காற்றுதான் வரும். ஒரு மண் துணுக்கு ஒட்டியிருந்தாலும் அப்படித்தான். இந்த ஓரத்துக்கு 'அலகு' என்று முன்மொழிகிறேன். கத்தி அலகும் அதுதான், பறவையின் அலகும் அதுதான்.

சுருதி பற்றி ஒரு வார்த்தை. மண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும், வயிறு சிறுக்கும், சுருதி ஏறும். பச்சை மண்ணிலேயே கச்சிதமாகச் சேர்த்துவிட்டால் சுட்ட பிறகு கூடிப்போகும். துளையைச் சிறிதாக விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டுவதே நல்லது.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து

---

> இந்த ஓரத்துக்கு 'அலகு' என்று முன்மொழிகிறேன்.

தம்பி, ஊதுகலயத்துக்கு நானும் சம்மதம். அலகு மட்டும் வேண்டாம். பள்ளிப் பாடத்தில் மீட்டர், கிலோகிராம் எல்லாமே அலகுகள். 'ஒலியின் அலகு' என்று எழுதினால் பிள்ளைகள் ஹெர்ட்ஸா டெசிபெலா என்று குழம்புவார்கள். 'கூர்விளிம்பு' போதுமே.

---

நியாயமான பேச்சு, ஓசூர் அண்ணா. பிள்ளைகளுக்காகத்தானே இவ்வளவும். ஊதுகலயம், கூர்விளிம்பு இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். மூச்சுவழிக்கு அக்காவிடம் வேறு யோசனை இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதட்டும்.