புதுக் குட்டியைக் கிழவி சேர்க்க மாட்டேன் என்கிறாள்

அண்ணன்மாரே, அக்காமாரே, குதிரை வளர்த்த அனுபவமுள்ளவர்கள் ஒரு வழி சொல்லுங்கள்.

நாங்கள் நுவரெலியாப் பக்கம். கிரகரி வாவிக் கரையில் சவாரி விடும் மட்டக்குதிரைகள் இரண்டு, நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் நிற்கின்றன: 14 வயதுப் பெண் குதிரை (எங்களுக்குக் கிழவி), 9 வயதுக் காயடித்த ஆண். போன மாதம் 2 வயதுப் பெண் குட்டி ஒன்று வாங்கினோம். சவாரிக்கு இல்லை, அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

இரண்டு வாரம் தனியாகக் கட்டி, சளி, காய்ச்சல் இல்லை என்று பார்த்தபின் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக விட்டோம். மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்தன. சரி, பழகிவிட்டன என்று நினைத்தேன். ஞாயிறு காலை ஒன்றாக விட்டதும் கிழவி காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, குட்டியைத் தண்ணீர்த் தொட்டி மூலையில் மடக்கி உதைத்துவிட்டாள். குட்டியோ கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. "நான் சின்னப்பிள்ளை, அடிக்காதே" என்று கெஞ்சுகிறதாம். மிருக வைத்தியர் சொன்னார். பின்தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் உரிந்திருக்கிறது, நல்லவேளை நொண்டவில்லை. ஆண் குதிரை பாவம், அது பாட்டுக்கு மேய்கிறது.

இடம் அரை ஏக்கர்கூட இல்லை, அதுவும் சரிவு. இந்த மழையில் ஓடித் தப்பவும் முடியாது, சறுக்கும்.

முதலில் ஆணோடு மட்டும் குட்டியை விட்டு, அப்புறம் கிழவியைச் சேர்க்கலாமா? இரவில் எத்தனை நாள் பிரித்துக் கட்டுவது? புல்லை நான்கு இடமாகத் தள்ளித் தள்ளிப் போடத் தொடங்கிவிட்டேன். துரத்துவதை எதுவரை பார்த்துக்கொண்டிருக்கலாம், எப்போது இடையில் புகவேண்டும்? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.