லேப் கோட் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா?

பழைய_சோடியம்:
பக்கத்து இழையில் கணிதன் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. "முதலில் ஆன்லைன் பாதுகாப்புப் பாடம், அப்புறம் பத்துக் கேள்வி, அதற்குப் பிறகுதான் லேப் கதவுக்குக் கார்டு. பல்கலைக்கழகம் வழக்கிலிருந்து தப்பிக்கப் போடும் நாடகம் இது" என்கிறார். சரி, நாடகம்தான். லாஸ் ஏஞ்சலஸ் யூசிஎல்ஏ பல்கலைக்கழக லேபில் 2008 டிசம்பர் 29 அன்று என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியுமா? 23 வயதுப் பெண், ஆய்வு உதவியாளர். டெர்ட்-பியூட்டைல் லித்தியம், காற்றுப் பட்டாலே தானாகப் பற்றிக்கொள்ளும் சாமான். பிளாஸ்டிக் சிரிஞ்சில் இழுக்கும்போது பிஸ்டன் கழன்று வந்துவிட்டது. உடம்பில் செயற்கை இழை ஸ்வெட்டர், மேலே கோட் இல்லை. 18 நாள் கழித்து இறந்துபோனார். பாதுகாப்புப் பயிற்சி எடுத்ததற்கு ஒரு காகிதம்கூடக் கிடையாது. கோட் போட்டிருந்தால் பிழைத்திருப்பார். இதுவும் நாடகமா?

கணிதன்:
தலைப்பிலேயே என்னைக் கட்டிவைத்து அடிக்காததற்கு நன்றி. நான் கேட்டது கார்டைப் பற்றி. பத்துக் கேள்விக்கு டிக் அடித்தவருக்குச் சிரிஞ்சு பிடிக்கத் தெரிந்துவிடுமா? அது 60 மில்லி சிரிஞ்சு. ஒவ்வொரு இழுப்பிலும் 50 மில்லிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நிறைத்தால் பிஸ்டன் விளிம்புக்கு வந்துவிடும் என்பதைப் பக்கத்தில் நின்று செய்து காட்டத்தான் ஒருவர் வேண்டும். ஸ்லைடில் படித்தால் வராது.

பழைய_சோடியம்:
சிரிஞ்சு, சிரிஞ்சு! சிரிஞ்சு யாருக்கு வேண்டுமானாலும் நழுவும். நழுவிய பிறகு உடம்புக்கும் தீக்கும் நடுவில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. கோட் இல்லை. பதில் சொல்லுங்கள்.

மல்லி:
டெக்சாஸ் டெக் பல்கலைக்கழக விபத்தையும் பாருங்களேன். 2010 ஜனவரி. நிக்கல் ஹைட்ரசீன் பெர்குளோரேட், வெடிக்கக்கூடிய உப்பு. 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யாதே என்று சொல்லியிருந்தார்களாம், அதுவும் வாய்வார்த்தையாக. மாணவர்கள் 10 கிராம் செய்துவிட்டார்கள். ஒருவருக்கு மூன்று விரல் போயிற்று. எழுத்தில் ஒன்றும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. இதில் கோட் எங்கே வந்தது?

பழைய_சோடியம்:
விரல் போன இடத்தில் கோட்டைத் தேடுகிறார் மல்லி. அந்த மாணவர் உப்பை இடிக்கிற நேரத்தில் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார், அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கோட் ஆகட்டும் கண்ணாடி ஆகட்டும், போட மாட்டேன் என்பவரை உள்ளே விடாமல் இருக்கத்தான் கார்டு.

கணிதன்:
கார்டுக்கு நீங்கள் கோட் போட்டிருக்கிறீர்களா இல்லையா என்று தெரியாது சார். கதவு திறக்கும், அவ்வளவுதான்.

குடுவை:
காரென் வெட்டர்ஹானை யாருமே சொல்லவில்லையே. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர், நச்சு உலோகங்களே அவர் துறை. 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய பாதரச நஞ்சு சில சொட்டு கையுறை மேல் விழுந்தது. லேடெக்ஸ் கையுறை. அதை ஊடுருவிப் போயிற்று. 1997 ஜூனில் இறந்தார். அவருக்குப் பயிற்சி இல்லையா? கையுறை போடவில்லையா?

பழைய_சோடியம்:
அப்போது இருந்த விதி போதாமல் இருந்தது, பிறகு மாற்றினார்கள். விதி வேண்டும் என்பதற்குத்தானே இது சாட்சி? நீங்களே எனக்கு வாதம் எடுத்துத் தருகிறீர்கள் குடுவை. கோட் விஷயத்துக்கு வருவோம்.

குடுவை:
எங்கே போனாலும் கோட்டுக்குத்தான் வருவீர்கள். சாதாரணப் பருத்திக் கோட்டும் எரியும், தெரியுமா? பென்டேனில் கரைத்த லித்தியம் மேலே கொட்டி, பக்கத்தில் இருந்த ஹெக்சேன் என்ற எரியும் கரைப்பானும் கவிழ்ந்த இடத்தில் பருத்தி எத்தனை நொடி தாங்கும்?

பழைய_சோடியம்:
எரியும். ஆனால் உருகித் தோலில் ஒட்டாது. ஸ்வெட்டர் ஒட்டும். கோட்டைக் கழற்றி எறியலாம், ஒட்டியதை எறிய முடியுமா? நான் லேபில் பியூட்டைல் லித்தியம் ஊற்றிய காலத்தில் நீங்கள் எட்டாம் வகுப்பு அறிவியலில் தாமிர சல்பேட் படிகம் வளர்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள் தம்பி.

குடுவை:
தம்பியா? யார் வயது என்ன என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? சீனியாரிட்டி பேசுகிறவர் கோட் போட்டுத்தான் ஊற்றினாரா என்பதையும் சொல்லிவிட்டுப் போகலாம்.

பழைய_சோடியம்:
போட்டுத்தான். எப்போதும்.

கணிதன்:
நம்பிவிட்டோம்.

மல்லி:
நீங்கள் மூவரும் சண்டை போடுங்கள், நான் வேறு ஒன்று சொல்கிறேன். அந்த யூசிஎல்ஏ லேபில் விபத்துக்கு இரண்டு மாதம் முன்னால் ஆய்வு நடந்தது. கோட் போடுவதில்லை என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். சரிசெய்யவில்லை. கலிபோர்னியா தொழிலகப் பாதுகாப்புத் துறை போட்ட அபராதம் 31,875 டாலர். 2011இல் குற்ற வழக்கு. 2014இல் பேராசிரியர் 800 மணி நேரச் சமூக சேவைக்கும், தீக்காய மருத்துவமனைக்கு 10,000 டாலர் கொடுக்கவும் ஒப்புக்கொண்டார். கோட் போடச் சொல்ல வேண்டியவர் யார் என்று யாராவது கேட்டீர்களா? இறந்த பெண்ணின் தோளிலேயே கோட்டை மாட்டுகிறீர்கள்.

பழைய_சோடியம்:
நான் அவரைக் குறை சொன்னேன் என்று எங்கே இருக்கிறது? மேற்கோள் காட்டுங்கள். கோட் இல்லை என்றேன். அது உண்மை.

கணிதன்:
மல்லி சொல்வதில் இன்னொன்றும் உண்டு. இறந்தவர் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஊழியர், அதனால்தான் அந்த அபராதமே வந்தது. 1990இல் வந்த அமெரிக்க ஆய்வக விதி ஊழியர்களுக்குத்தான். சம்பளம் வாங்காத மாணவர் அதே மேசையில் அதே சிரிஞ்சைப் பிடித்தால் அந்தச் சட்டம் எட்டிப் பார்க்காது. கார்டு மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்.

பழைய_சோடியம்:
ஆக, மாணவருக்குச் சட்டம் இல்லை என்பதால்தான் பல்கலைக்கழகமே கார்டு, பயிற்சி என்று வைக்கிறது. நீங்களே சொல்லிவிட்டீர்கள். இனி நாடகம் என்று எழுதாதீர்கள்.

கணிதன்:
எழுதுவேன். பத்துக் கேள்வி நாடகம்தான்.

குடுவை:
சிலிண்டர் இழையிலும் இப்படியேதான். ஹைட்ரஜன் பற்றிப் பேச ஆரம்பித்து, கடைசியில் ஸ்பேனர் அளவில் வந்து நின்றது. அதிலும் சோடியம் சார்தான் கடைசி வார்த்தை.

பழைய_சோடியம்:
அந்த இழையில் நீங்கள் எழுதிவிட்டு நைசாக அழித்த பின்னூட்டத்தை முதலில் திரும்பப் போடுங்கள். அப்புறம் கோட்டுக்கு வருகிறேன்.