மழைக்கோட்டில் ‘பிரீத்தபிள்’: தமிழில் என்ன போடலாம்? வெள்ளிக்குள் வேண்டும் (மடற்குழு இழை; எழுதுவோர் தத்தம் ஊர்ப்பெயரில்)

நாகமலை, திங்கள் இரவு:

அனைவருக்கும் வணக்கம். கையில் இருப்பது ஓர் ஆங்கிலக் குறிப்பு. அலாஸ்காவின் தென்கிழக்குக் கரை, நியூசிலாந்தின் ஃபியோர்ட்லாந்து போல ஓயாமல் மழை பெய்கிற மலைக்காட்டுக்கு வேட்டைக்குப் போகிறவர்கள் மழைக்கோட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது பொருள். தமிழில் அது போய்ச் சேரப்போவதோ நேர் எதிரணிக்கு: மேகமலைப் பக்கத்து வேட்டைத் தடுப்புக் காவலர் பயிற்சிக்கு. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கையில் வேட்டைக்காரருக்கு இங்கே என்ன கையேடு? ஆனால் முதுகில் பையோடு ஈரப்புதரில் நாள் முழுக்க ஓசையில்லாமல் நடப்பது இரு தரப்புக்கும் பொது. அதனால் கோட்டு பற்றிய பகுதி அப்படியே பொருந்துகிறது.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்பதை நீர்புகா என்றும் ‘வாட்டர் ரிப்பெல்லன்ட்’ என்பதை நீர்விலக்கி என்றும் போட்டுவிட்டேன். ‘பிரீத்தபிள்’தான் இடிக்கிறது. “மூச்சுவிடும் துணி” என்று எழுதிக் காட்டினால் பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது.

சிம்மக்கல், திங்கள் இரவு:

மூச்சுக்குப் பழஞ்சொல் உயிர்ப்பு. உயிர்ப்புத்துணி என்க. ‘கோட்டு’ மட்டும் எதற்கு? முல்லைப்பாட்டின் யவனர் “மெய்ப்பை புக்க வெருவருந் தோற்றத்து” நிற்கிறார்கள். தைத்த மேற்சட்டைக்கு இரண்டாயிரம் ஆண்டுச் சொல் கையில் இருக்கிறது. மழைமெய்ப்பை.

தல்லாகுளம், செவ்வாய் காலை:

ஐயா, மெய்ப்பை என்று பெரியாஸ்பத்திரிப் பக்கம் சொல்லிப் பாருங்கள், பிணவறைக்கு வழி காட்டுவார்கள். மழைக்கோட்டு இருக்கட்டும்.

செல்லூர், செவ்வாய் காலை:

நாகமலைத் தம்பிக்கு. சொல்லுக்கு முன்னால் துணியைப் பார்த்துவிடுவோம். நல்ல மழைக்கோட்டு மூன்று அடுக்கு. வெளியே நைலானோ பாலியெஸ்டரோ நெய்த மேல்துணி. நடுவில் மெல்லிய சவ்வு. உள்ளே அந்தச் சவ்வு உரசாமல் காக்கும் வலைத்துணி. தண்ணீரைத் தடுப்பது சவ்வு. மேல்துணியின் வெளிப்பக்கம் ஒரு பூச்சு இருக்கும். அதன் வேலை, விழும் துளி பரவாமல் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடச் செய்வது. நீங்கள் ‘நீர்விலக்கி’ என்று போட்டது இந்தப் பூச்சைத்தான். ஆனால் ‘நீர்புகா’வும் ‘நீர்விலக்கி’யும் அடுத்தடுத்து வந்தால் காவலர் இரண்டையும் ஒன்றாகத்தான் படிப்பார். பூச்சுக்கு ‘நீரொட்டாப் பூச்சு’ என்று போடுங்கள்.

இது முக்கியம், ஏனென்றால் கோட்டு ஒழுகுகிறது என்று வருகிற புகாரில் பெரும்பகுதி ஒழுகலே அல்ல. பையின் பட்டை உரசும் தோளிலும், புதர் உரசும் முன்கையிலும் பூச்சு முதலில் போகும். மேல்துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். சவ்வுக்கு வெளியே ஈரப்படலம் நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் வியர்வை ஆவி வெளியேற வழி குறைந்து, உட்புறமே வியர்த்து நனைகிறது. ஆள் கோட்டைக் குறை சொல்கிறார். சோதிக்க ஒரு கை தண்ணீர் போதும்: தெளித்ததும் மணியாக உருண்டால் பூச்சு இருக்கிறது, பரவித் துணி கறுத்தால் போய்விட்டது.

ஆக, பிரீத்தபிள் என்பது காற்று போய்வருவது அல்ல. இந்தச் சவ்வு காற்றையும் பெரும்பாலும் தடுக்கும். அது விடுவது ஆவியை மட்டும். ஆவிவிடு துணி. அளவைச் சொல்ல ஆவிவிடு திறன்.

தல்லாகுளம், செவ்வாய் காலை:

அண்ணே, ஆவி விட்டான் என்றால் ஆள் செத்தான் என்று பொருள். சிம்மக்கல் ஐயாவின் மெய்ப்பைக்குள் உங்கள் ஆவிவிடு துணியை வைத்தால் காரியம் கச்சிதமாக முடிந்துவிடும்.

சிம்மக்கல், செவ்வாய் மதியம்:

நகை ஒருபுறம் கிடக்கட்டும், ஆவியை அவ்வளவு எளிதில் தள்ளாதீர். ஆவி என்றால் நீர்நிலையும்தான். வாவி, ஆவி. நம் பக்கத்தில் நடுமண்டபம் வைத்த தெப்பத்தை நீராவி என்பதில்லையா? பழனியடி திருவாவினன்குடியை எண்ணுக. ஆவியர் குடி ஆண்ட மலை அது. அக்குடிப் பேகன்தான் “கான மஞ்ஞைக்குக் கலிங்கம் நல்கிய” வள்ளல் எனச் சிறுபாணாற்றுப்படை பாடுகிறது. மழைமலையில் நடுங்கிய உயிருக்கு மேலாடை தந்த முதல் ஆள் ஆவியர் குடி! ஆவிக்கும் மழையாடைக்கும் இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? ஆவிக்கலிங்கம் என்றே பெயரிடலாம்.

கம்பம், செவ்வாய் இரவு:

ஐயா, மயில் இறகே எண்ணெய்ப் பசையோடு தண்ணீரை உதறும். அந்தக் கலிங்கம் மழையில் ஊறியிருந்தால் மயிலுக்குக் குளிர் கூடியிருக்கும். கையேட்டில் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்: மலையில் மழைக்கோட்டுக்கு உள்ளே பருத்திப் பனியன் போடக் கூடாது. வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், நடை நின்றதும் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கம்பளி நூலோ பாலியெஸ்டரோ போட வேண்டும்.

சொல்லைப் பற்றி. காட்டில் நடக்கிறவன் ஆவி என்றும் உயிர்ப்பு என்றும் சொல்லமாட்டான். “புழுங்குது”, “வெக்கை அடங்க மாட்டேங்குது” என்பான். புழுங்காத கோட்டு. ஒரே வார்த்தையில் வேலை முடிந்தது. அதற்கு மேல் பூச்சு, சவ்வு எல்லாம் படத்தில் காட்டிக்கொள்ளலாம்.

வேட்டைக் கோட்டுக் குறிப்பில் விடக்கூடாத இன்னும் சில. தொப்பி தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். திரும்பாத தொப்பிக்குள் தலை திரும்பினால் ஒரு கண்ணுக்குத் துணிதான் தெரியும். முன்விளிம்பு தொய்யாமல் நிறுத்தும் கம்பி, பின்னால் இழுத்துக் கட்டும் கயிறு, இரண்டும் வேண்டும். துணி சரசரக்கக் கூடாது. அங்கே மான் ஓடிவிடும் என்பது கவலை, இங்கே அதைவிடப் பெரிய கவலை, காதோரம் துணி சலசலத்தால் மூங்கில் ஒடியும் ஓசை கேட்காது. பைனாகுலரைத் தூக்கும்போது மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் முழங்கை வரை இறங்கும், ஆகவே கைப்பட்டி இறுக்குகிறதா என்று கையை உயர்த்திப் பார்த்து வாங்க வேண்டும். சட்டைப்பை இடுப்புப் பட்டைக்கு மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பை மாட்டிய பிறகு கை உள்ளே போகாது. உண்ணிச்செடிப் புதரில் 20 டெனியர் (நூலின் தடிமனைச் சொல்லும் எண்) துணி நிற்காது, 50க்குக் கீழே போகாதீர்கள்.

செல்லூர், புதன் காலை:

கம்பத்துத் தம்பி சொன்னதெல்லாம் சரி, சொல் மட்டும் சரியில்லை. ‘புழுங்காத’ என்பது வாக்குறுதி. அதைச் சவ்வு காப்பாற்றாது. ஆவி வெளியேறுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஆவியழுத்த வேறுபாட்டால். தோலை ஒட்டி 35 டிகிரியில் முழு ஈரம் என்றால் சுமார் 5.6 கிலோபாஸ்கல். அலாஸ்காவில் 5 டிகிரி மழையில் வெளியே 0.9 கூட இல்லை, வேறுபாடு 4.7. நம் அடிவாரத்தில் 28 டிகிரி, நூற்றுக்கு 95 ஈரப்பதம் என்றால் வெளியே 3.6, மிச்சம் 2 மட்டுமே. அதே கோட்டு இங்கே பாதி வேலைகூடச் செய்யாது. ‘புழுங்காத’ என்று போட்டால் முதல் ஏற்றத்திலேயே கையேட்டைத் தூக்கி எறிவார்கள். இங்கே அக்குள் ஜிப்பும் தளர்வான வெட்டும்தான் சவ்வைவிடப் பயன்படும் என்று ஒரு வரி சேருங்கள்.

கோட்டின் விவரச் சீட்டில் உள்ள எண்ணுக்கும் பெயர் வேண்டும். 20,000 கிராம் என்றால் ஒரு சதுர மீட்டர் வழியாக 24 மணி நேரத்தில் வெளியேறும் ஆவி, மணிக்குச் சுமார் 830 கிராம். வாயைத் துணியால் மூடிய ஆய்வகக் குவளையைக் கவிழ்த்து அளந்தால் ஓர் எண், நிமிர்த்தி அளந்தால் வேறு எண். முறை சொல்லாத எண்ணை இன்னொரு கம்பெனி எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ‘புழுங்காமை 20,000’ என்று எழுதுவீர்களா?

பக்கத்தில் இன்னொரு 20,000 இருக்கும், மில்லிமீட்டரில். அதை மழையளவு என்று படித்துவிடப் போகிறார்கள். துணி மேல் 20 மீட்டர் உயர நீர்த்தூண் நின்றால் உண்டாகும் அழுத்தத்தைத் தாங்கும் என்பதே பொருள். முழந்தாளிடும் இடத்திலும் பைப்பட்டைக்கு அடியிலும் அழுத்தம் கூடுவதால்தான் அந்த எண் தேவை. நீர்த்தூண் அளவு என்று போடுங்கள், வெறும் மி.மீ. என்று விடாதீர்கள்.

திருநகர், புதன் காலை:

இலக்கணக் குறிப்பு. புழுங்காத் துணி என்றால் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும். நீரொட்டாப் பூச்சும் அப்படியே. ஆவிவிடு துணி வினைத்தொகை, மிகாது. தலைப்பில் ஒற்றுப்பிழையோடு அச்சேறினால் அதுவே பேச்சாகிவிடும்.

நாகமலை, புதன் இரவு:

நன்றி. அப்படியானால் எண்ணுக்கு ‘நீராவி கடத்துதிறன்’ என்று வைத்துக்கொள்ளலாமா? ‘மின்கடத்து’ பள்ளிப் பாடத்தில் படித்த சொல்தானே. மேல்துணி தண்ணீர் குடிப்பதற்கு ‘ஊறல்’ என்று எழுதியிருக்கிறேன்.

கம்பம், புதன் இரவு:

காவலருக்கான கையேட்டில் கடத்தல், ஊறல் இரண்டுமா! ஒன்று சந்தன மரம், இன்னொன்று சாராயப் பானை. நாலாம் பக்கத்தில் எஃப்.ஐ.ஆர். படிவமும் சேர்த்துவிடுங்கள் அண்ணே.

சிம்மக்கல், வியாழன் காலை:

ஊறலுக்குத் தோய்வு என்க. கடத்துதிறன் இழிவன்று, கள்ளர் பயன்படுத்துவதால் சொல் கெடாது. ஆயினும் உயிர்ப்பை விடேன். “நோக்கு நுழைகல்லா நுண்மைய” என்று பொருநராற்றுப்படை துணியைச் சொல்கிறது, பார்வையே நுழையாத நுண்மை. துளி நுழையாமல் ஆவி நுழையும் சவ்வுக்கு ‘நுழைகல்லாச் சவ்வு’ எத்தனை அழகு!

தல்லாகுளம், வியாழன் காலை:

அழகுதான் ஐயா. அதற்கு ஓர் உரையாசிரியரையும் காட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

செல்லூர், வியாழன் மதியம்:

பராமரிப்புப் பக்கம் பார்த்தேன், இரண்டு விடுபாடு. துவைக்கும்போது துணி மிருதுவாக்கும் திரவம் அறவே கூடாது. அதன் படிவு தண்ணீரை இழுக்கும், பூச்சு இருந்தும் பயனில்லை. சாதாரண சோப்புத்தூளும் மிஞ்சினால் அதே கதி, இரண்டு தடவை அலச வேண்டும். காய்ந்த பின் சூடு காட்டினால் பூச்சு ஓரளவு எழும். உலர்த்தும் இயந்திரம் இல்லாத இடத்தில், லேபிள் இடம் கொடுத்தால், மேலே ஒரு துண்டு போட்டுக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல் இஸ்திரி போடலாம்.

இரண்டாவது இன்னும் பெரிது. கோட்டு வந்ததும் நெஞ்சில் பெயர்ப்பட்டையும் சின்னமும் தைக்கத் தையற்கடைக்குக் கொடுப்பார்கள். ஊசி போன இடமெல்லாம் சவ்வில் ஓட்டை. தைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் உட்பக்கம் சூட்டில் ஒட்டும் டேப் போட வேண்டும், அல்லது பட்டையைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட வேண்டும். தகரப் பெட்டியில் ஈரத்தோடு மடித்து வைத்தால், சில கோட்டுகளின் உட்பக்கம் நீரைத் தடுக்கப் பூசிய பாலியூரித்தேன் பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும், மதுரை வெயிலுக்குச் சீக்கிரமே. உரிந்ததற்கு மருந்தில்லை.

நாகமலை, வியாழன் இரவு:

சரி, நாளைக்கு அச்சு. வந்த கடிதங்களில் பெரும்பாலோர் ‘நீராவி கடத்துதிறன்’ பக்கம், அதுவும் விருப்பத்தோடு அல்ல, வேறு கிடைக்காததால். அட்டவணையில் அதைப் போடுகிறேன். உரைநடையில் ‘வியர்வை ஆவியை வெளியே விடும்’ என்று விரித்தே எழுதிவிடுகிறேன். ‘புழுக்கம் குறைந்த’ என்பது படத்துக்குக் கீழே மட்டும். நீர்புகாச் சவ்வு, நீரொட்டாப் பூச்சு, நீர்த்தூண் அளவு, தோய்வு நான்கும் உறுதி. பெயர்ப்பட்டை எச்சரிக்கையை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

சிம்மக்கல், வியாழன் இரவு:

உயிர்ப்பு என்பதே என் வாக்கு. பதிவு செய்க.

கம்பம், வியாழன் இரவு:

எனக்குப் புழுங்காததுதான். அண்ணே, தையல் மேல் ஒட்டுகிற டேப்புக்கு என்ன போட்டீர்கள்? தொப்பி மூட்டிலும் தோளிலும் அதுதான் முதலில் பிரியும், அடிக்கடி வரும் சொல்.

நாகமலை, வியாழன் இரவு:

டேப் என்றே போட்டேன் தம்பி. வேறு வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், அடுத்த பதிப்புக்குப் பார்க்கலாம்.

சிம்மக்கல், வெள்ளி காலை:

தொடங்கிவிட்டேன். பொருள் வரி: ‘மூட்டுவாய்’.