சொகுசுக் கப்பலின் பின்கட்டைப் பார்க்கக் காசு கொடுக்கலாமா?

உட்லண்ட்ஸ் தேவி கேட்கிறார்:

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் என் அப்பா.

அப்பாவுக்கு 68 வயது. நாகப்பட்டினம் பக்கம் நாற்பது ஆண்டுகள் கல்யாணச் சமையல் செய்தவர். நீச்சல் குளம், ஆட்டம் பாட்டம் எதிலும் அவருக்கு நாட்டமில்லை. டிக்கெட் எடுத்த செய்தியைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அத்தனை ஆயிரம் பேருக்கு எங்கே அம்மா அடுப்பு மூட்டுகிறார்கள்?"

கப்பலின் உட்புறத்தைச் சுற்றிக் காட்ட மூன்று மணி நேர ஏற்பாடு ஒன்று இருக்கிறதாம். சமையற்கூடம், பண்டகசாலை, சலவைக்கூடம், எஞ்சின் கட்டுப்பாட்டு அறை, கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜ், நாடக அரங்கின் பின்பக்கம் எல்லாம் அடக்கம். ஒருவருக்கு நூறு அமெரிக்க டாலருக்கு மேல் கேட்கிறார்கள். "அந்தக் காசுக்கு லிட்டில் இந்தியாவில் குடும்பமே இரண்டு வேளை சாப்பிடலாம்" என்கிறார் கணவர். போனவர்கள் சொல்லுங்கள். உண்மையிலேயே உள்ளே விடுகிறார்களா, அல்லது கண்ணாடிக்கு வெளியே நிறுத்திக் காட்டி அனுப்பிவிடுகிறார்களா? அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. பத்து வயதுப் பையனையும் அழைத்துப் போகலாமா?

—

மெஸ்காரர் எழுதுகிறார்:

அம்மா தேவி, உங்கள் அப்பா கேட்டதைத்தான் நானும் கேட்டேன். பதில்: அடுப்பே மூட்டுவதில்லை.

திருச்சி தில்லைநகரில் 31 ஆண்டுகள் மெஸ் நடத்திவிட்டுக் கடையை மூடியவன் நான். 2023-ல் சிங்கப்பூர் மகன் வீட்டுக்குப் போனபோது நீங்கள் போகும் அதே வழியில் கப்பலில் கூட்டிப் போனான். முதல் நாள் பிரமாண்டமாக இருந்தது, இரண்டாம் நாள் சலித்துவிட்டது. அப்போதுதான் மருமகள் இந்தச் சுற்றுக்குப் பணம் கட்டினாள். பதினான்கு பேர் போனோம்.

சமையற்கூடத்துக்குள் போனதும் நான் தேடியது நெருப்பை. எங்குமில்லை. கப்பலில் தீப்பிடித்தால் ஓடி ஒளிய இடமில்லை அல்லவா, அதனால் எரிவாயுவும் சுவாலையும் அங்கே கிடையாது. எல்லாம் மின்சாரமும் நீராவியும்தான். எண்ணெய்ச் சட்டிகளுக்கு மேலே தீயணைப்புக் குழாயின் முனைகள் தயாராக நீட்டிக்கொண்டிருந்தன. எனக்கு முதலில் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. நெருப்பைப் பார்க்காமல் எப்படிச் சமைப்பது? பிறகு அந்த அண்டாவைப் பார்த்தேன்.

எஃகில் செய்த இரட்டைச் சுவர் அண்டா. இரண்டு சுவர்களுக்கும் நடுவே நீராவி ஓடுகிறது. அடியில் பிடிக்க வழியே இல்லை. பக்கத்தில் ஒரு சக்கரம் இருக்கிறது. அதைச் சுற்றினால் அண்டா மெதுவாகத் தலைசாய்த்து, மூக்கு வழியாகச் சூப்பை ஊற்றுகிறது. ஒல்லியான ஒரு பெண் ஒற்றைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள். என் மெஸ்ஸில் சாம்பார் அண்டாவை இரண்டு ஆட்கள் துணி சுற்றித் தூக்குவார்கள். 1998-ல் ஒருவன் கைநழுவவிட்டதன் தழும்பு என் இடது மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது. அந்தப் பெண் சக்கரம் சுற்றுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றதில், குழு என்னை விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டது.

இன்னொன்று. அடுப்புத் தட்டுகளின் ஓரம் நெடுக விரல் தடிமனில் எஃகுக் கம்பி ஓடுகிறது. அலை பெரிதாகும்போது பாத்திரம் சறுக்கி விழாமலிருக்க அந்தத் தடுப்பு. வழிகாட்டிய பெண் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானாகத் தொட்டுப் பார்த்துக் கேட்ட பிறகுதான் சமையல் அதிகாரி சிரித்துக்கொண்டே விளக்கினார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் பண்டகசாலை. கீழ்த்தளத்தில் முதுகெலும்பு போலக் கப்பலின் நீளத்துக்கும் ஒரு நடைபாதை ஓடுகிறது. ஊழியர்கள் அதை "ஐ-95" என்கிறார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் போகும் நெடுஞ்சாலையின் எண் அது. பல கப்பல்களில் இதே பெயர்தானாம். சரக்குத் தூக்கும் வண்டிகள், அழுக்குத் துணி மூட்டைகள், வேலை முடிந்து தூங்கப் போகிறவர்கள் எல்லாரும் அதில்தான் போகிறார்கள். காந்தி மார்க்கெட்டின் அதிகாலை போல இருந்தது, கூச்சல் மட்டும் இல்லை. அதன் பக்கவாட்டில் குளிர் அறைகள். மீனுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, காய்க்கு ஒன்று. உறைந்ததை மெல்ல இளக்குவதற்கென்றே தனியாக இன்னோர் அறை. நாளை சமைக்கப்போகும் இறைச்சி நேற்றே அந்த அறைக்கு வந்துவிட்டது.

பண்டகசாலைப் பொறுப்பாளர் கோவாக்காரர். "மல்லித்தழை தீர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். மகன்தான் ஆங்கிலத்தில் சொன்னான். "தீராது" என்றார். ஆணவமாகச் சொல்லவில்லை, சோர்வாகச் சொன்னார். அந்தச் சோர்வு எனக்குப் புரிந்தது. எங்கள் மெஸ்ஸில் பன்னிரண்டரை மணிக்குத் தயிர் தீர்ந்தால் பையனைச் சைக்கிளில் விரட்டுவோம். அந்தக் கப்பல் கடைக்குப் பையனை அனுப்ப முடியாத மெஸ். காலையில் துறைமுகத்துக்கு வந்து மாலையில் கிளம்புவதற்குள் ஏற்றியதுதான் கணக்கு. அதன்பிறகு கடவுளே வந்து கேட்டாலும் இருப்பதைத்தான் போட முடியும்.

அட்டைப்பெட்டிகளைச் சமையற்கூடத்துக்குள் கொண்டுவர விடமாட்டார்களாம். வாசலிலேயே பிரித்துப் பிளாஸ்டிக் கூடைக்கு மாற்றிவிடுகிறார்கள். காரணத்தை அவர் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட்டேன்: கரப்பான். அட்டையின் மடிப்பில்தான் முட்டை ஒட்டிக்கொண்டு வரும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மெஸ் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆயின. துடைக்கும் வாளிகளும் நிறத்துக்கு ஒன்றாக மூன்று. சிவப்பில் கழுவும் தண்ணீர், சாம்பல் நிறத்தில் அலசும் தண்ணீர், வெள்ளையில் கிருமிநாசினி. அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களை அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையத்தார் முன்னறிவிப்பின்றி வந்து சோதித்து 100-க்கு மதிப்பெண் போடுவார்கள். 85 எடுத்தாலும் தோல்வி, 86 வேண்டும். 1975-லிருந்து நடக்கிறதாம். நாங்கள் போன கப்பல் அப்போது ஆசியாவில்தான் ஓடிக்கொண்டிருந்தது, இருந்தாலும் அதே பழக்கத்தை விடவில்லை என்றார் சமையல் அதிகாரி. நம் ஊரில் சோதனைக்கு வருகிறவர் முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டு வருவார், போகட்டும்.

குறையும் சொல்கிறேன். வழிகாட்டிக்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்தான். முட்டை இத்தனை, உருளைக்கிழங்கு இத்தனை என்று அடுக்கினாள், எல்லாரும் வாய் பிளந்தார்கள். மிஞ்சியதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அரைத்துவிடுவோம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

சலவைக்கூடம் பெரும் வெக்கை. படுக்கை விரிப்பை ஓர் இயந்திரம் இழுத்துத் தேய்த்து மடித்துத் தள்ளுகிறது, அவ்வளவுதான். பிரிட்ஜ் எனக்கு ஏமாற்றம். ஆளுயரச் சக்கரத்தை எதிர்பார்த்துப் போனேன். இருந்தது என் பேரனின் பொம்மைக் கார் சக்கரத்தைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவே.

உங்கள் அப்பா சமையற்காரர். காசைக் கட்டுங்கள். கணவருக்கு வீட்டில் நல்ல குழம்பு வைத்துக் கொடுங்கள்.

—

இரண்டாம் எஞ்சினியர் எழுதுகிறார்:

மெஸ்காரர் ஐயாவின் பதிவை ரசித்துப் படித்தேன். எண்ணெய்க் கப்பல்களில் 16 ஆண்டுகள் வேலை பார்த்தவன். பயணிகள் கப்பலில் வேலை செய்ததில்லை, ஆனால் எஞ்சினுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஐயா பார்த்த அண்டாவின் நீராவியில் ஒரு பங்கு எஞ்சினின் கழிவு வெப்பத்தில் பிறந்தது. புகைபோக்கி வழியாக வீணாகப் போகும் சூட்டைப் பிடித்துக் கொதிகலனுக்குக் கொடுப்பார்கள். அந்த நீராவி சலவைக்கும் சமையலுக்கும் போகும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூட்டைக் கொண்டு கடல்நீரைக் காய்ச்சி நன்னீர் எடுப்பதும் உண்டு. காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டால் 100 டிகிரி வரை போகாமலேயே தண்ணீர் கொதித்துவிடும்.

எஞ்சின் அறைக்குள் விடமாட்டார்கள், கட்டுப்பாட்டு அறைவரைதான். சத்தமும் சூடும் ஒரு காரணம். 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் கப்பல் பாதுகாப்பு விதிகள் இன்னொரு காரணம். அந்த அறை பார்ப்பதற்கு அலுவலகம் மாதிரித்தான் இருக்கும், ஏமாற வேண்டாம். இன்றைய பெரிய சொகுசுக் கப்பல்கள் பலவற்றில் டீசல் எஞ்சின், கப்பலைத் தள்ளும் சுழலியை நேராகச் சுற்றுவதில்லை. மின்சாரம் உண்டாக்குகிறது. கப்பலுக்கு அடியில் தொங்கும் உறைக்குள் ஒரு மோட்டார் அந்த மின்சாரத்தில் ஓடிச் சுழலியைச் சுற்றுகிறது. சிங்கப்பூருக்கு வந்துபோகும் குவாண்டம் வகைக் கப்பல்களில் அப்படி இரண்டு, ஒவ்வொன்றும் 20.5 மெகாவாட். உறை முழு வட்டமாகத் திரும்பும் என்பதால் தனிச் சுக்கான் தேவையில்லை. சக்கரம் சிறுத்துப்போனதில் ஆச்சரியமில்லை, ஐயா. துறைமுகத்தில் கப்பலைக் கரையில் கட்டும்போது அந்தச் சக்கரத்தைத் தொடவும் மாட்டார்கள். பிரிட்ஜின் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தபடி கைப்பிடிகளைத் திருகிக் கட்டுவார்கள்.

கட்டுப்பாட்டு அறைக்குப் போனால், எஞ்சின் தேயாமல் காக்கும் உயவு எண்ணெய்த் தொட்டியின் அளவு எந்தத் திரையில் தெரியும் என்று கேளுங்கள். எஞ்சினியர் முகம் மலரும். 2019 மார்ச்சில் நார்வே கடலோரத்தில் வைக்கிங் ஸ்கை என்ற சொகுசுக் கப்பல் புயலில் மின்சாரம் முழுதும் இழந்து பாறைகளை நோக்கி மிதந்தது. கப்பலில் 1,373 பேர். தொட்டியில் உயவு எண்ணெய் குறைவாக இருந்தது. கப்பல் ஆடியபோது எஞ்சின்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே நின்றுவிட்டன. ஹெலிகாப்டரில் நூற்றுக்கணக்கானவர்களைத் தூக்கினார்கள்.

மிஞ்சிய சாப்பாட்டுக்கு வழிகாட்டி சொல்லாத பதில்: கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் மார்போல் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பொதுவிதிப்படி, 25 மில்லிமீட்டர் துளையில் போகும் அளவுக்கு அரைத்த உணவுக் கழிவைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் கொட்டலாம். அரைக்காவிட்டால் 12 கடல் மைல். பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும் எந்தத் தொலைவிலும் போடக் கூடாது. அதனால்தான் கழிவறைப் பகுதியில், குப்பைக் கழிவைச் சொல்கிறேன், ஆட்கள் நின்று கையால் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அதையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

—

ஈப்போ ராஜன் எழுதுகிறார்:

மறுபக்கத்தையும் கேளுங்கள். நாங்கள் போன கப்பலில் (பெயர் வேண்டாம்) காற்று அதிகம் என்று கடைசி நேரத்தில் பிரிட்ஜைக் காட்டாமல் விட்டுவிட்டார்கள். பாதுகாப்புதான் முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதிப் பணமாவது திரும்பத் தரச் சொல்லி வரவேற்பு மேசையில் நாற்பது நிமிடம் நின்றேன். ஒரு குளிர்பானச் சீட்டு கொடுத்தார்கள். எனக்குச் சர்க்கரை நோய்.

முன்பதிவு செய்யும்போது எந்த இடங்கள் உறுதி, எவை சூழ்நிலையைப் பொறுத்தவை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துறைமுகத்தில் நிற்கும் நாளில் போடாதீர்கள், கப்பல் கடலில் ஓடும் நாளில் போடுங்கள். படம் எடுக்கப் பெரும்பாலான இடங்களில் விடவில்லை. கைபேசியை அறையிலேயே வைத்துவிட்டுப் போனால் மனம் நிம்மதி.

—

உட்லண்ட்ஸ் தேவி எழுதுகிறார்:

எல்லாருக்கும் நன்றி. மெஸ்காரர் ஐயா, அப்பாவின் முழங்காலும் பையனின் வயதும் என்ன ஆகும் என்று சொல்லவில்லையே?

—

மெஸ்காரர் எழுதுகிறார்:

மறந்துவிட்டேன், மன்னியுங்கள். பையனை விடுவது சந்தேகம்தான். எங்கள் பேரனுக்கு அப்போது 11 வயது, சேர்த்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். வயது வரம்பு கப்பலுக்குக் கப்பல் மாறும், கேட்டுவிடுங்கள்.

முழங்காலுக்கு: மூன்று மணி நேரமும் நின்றபடிதான், நாற்காலி கிடையாது. ஊழியர்களின் படிக்கட்டு இரும்பு, செங்குத்தானது. சில வாசல்களில் ஒரு சாண் உயரத்துக்கு நிலைப்படி உண்டு. மெதுவாகப் போனால் சமாளிக்கலாம். விரல் மூடிய ஷூ கட்டாயம், செருப்போடு வந்த ஒருவரை அறைக்குத் திருப்பி அனுப்பினார்கள். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் எதுவும் இல்லை என்று கையெழுத்தும் வாங்குவார்கள்.

—

உட்லண்ட்ஸ் தேவி எழுதுகிறார்:

அப்பாவுக்கு ஷூ வாங்க வேண்டும், வாழ்க்கையில் முதல் ஷூ. இரண்டு பேருக்குப் பதிவு செய்துவிட்டேன், அவருக்கும் எனக்கும். கணவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்.

நேற்றிரவு உங்கள் பதிவை அப்பாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அண்டா சாய்கிற இடத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "உப்பு பார்ப்பது யார்?"

—

மெஸ்காரர் எழுதுகிறார்:

சமைக்கிறவரே பார்க்கிறார். சட்டைப்பையிலிருந்து கரண்டியை எடுத்து ஒரு தடவை ருசி பார்த்ததும் அது கழுவப் போய்விடுகிறது, அடுத்த தடவைக்கு வேறு கரண்டி. உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்க்கும் நம் வழக்கத்தை அங்கே காட்டிவிட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லி வையுங்கள். நான் கையை நீட்டிவிட்டேன். மகன்தான் இழுத்துக்கொண்டு போனான்.