வயர் ராடு எந்த உலையிலிருந்து வந்தது?

அம்பத்தூரிலிருந்து:

பொருளாதார அறிஞர் யாரையாவது நேரில் சந்தித்துப் பேசியிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். நான் ஒரே ஒருவரைச் சந்தித்தேன், அதுவும் இருபது நிமிடம்தான்.

எங்கள் கம்பெனி போல்ட், நட்டு செய்து ஜெர்மனிக்கு அனுப்புகிறது. நான் எக்ஸ்போர்ட் டாக்குமென்ட் பார்ப்பவன். 2023 அக்டோபர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் எல்லைக் கார்பன் வரிக்கான கணக்கைக் கேட்க ஆரம்பித்தது. வெளியிலிருந்து வரும் பொருளைச் செய்யும்போது எவ்வளவு கார்பன் புகை வந்ததோ, அதற்கான வரி அது. எங்கள் ஆட்கள் அதைச் சுருக்கமாக ‘சிபாம்’ என்பார்கள். சிமெண்ட், அலுமினியம், உரம், இரும்பு என்று போகும் பட்டியலில் போல்ட்டும் உண்டு. வாங்குபவர் ஒரு எக்செல் ஷீட்டை அனுப்பி, ஒரு டன் போல்ட்டுக்கு எவ்வளவு கார்பன் என்று கேட்டுவிட்டார். இரண்டு வாரம் ஈ.பி. பில்லையும் ஜெனரேட்டர் டீசல் கணக்கையும் வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கோட்டூர்புரத்தில் ஒரு கருத்தரங்கு. பேசியவர் முப்பது வருடமாக உலக வணிகத்தை ஆராய்பவர். பெயர் போட அனுமதி வாங்கவில்லை, மேடம் என்றே எழுதுகிறேன். டீ இடைவேளையில் ஷீட்டை நீட்டினேன். கூடவே பையில் இருந்த சாம்பிள் போல்ட்டையும். அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கு வயர் ராடு எந்த உலையிலேர்ந்து வந்ததுப்பா?” என்றார்.

வயர் ராடு என்றால் போல்ட் செய்ய நாங்கள் வாங்கும் எஃகுக் கம்பி. அது எந்த உலையிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் எங்கள் ஷெட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். நிலக்கரி போட்டு இரும்புத் தாதை உருக்கும் ஊதுலை என்றால் ஒரு டன் எஃகுக்கு 2 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. பழைய இரும்பை மின் உலையில் உருக்கினால் பொதுவாக ஒரு டன்னுக்கும் கீழே. நாங்கள் செய்யும் ஹீட் ட்ரீட்மென்ட் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும் சின்னத் துண்டு. கணக்கு கம்பி வாங்கும்போதே முக்கால்வாசி முடிந்துவிடுகிறது.

அப்புறம் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னேன். அந்த வருடம் பிளேட்டிங் சரியில்லாமல் ஒரு லாட் திரும்பி வந்தது. கெடு தவறக் கூடாது என்று ஒரு டன் சரக்கை மீனம்பாக்கத்திலிருந்து விமானத்தில் அனுப்பினோம். மேடம் அழைப்பிதழின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். கப்பல் என்றால் ஒரு டன்னுக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 15 கிராம் கார்பன் டை ஆக்சைடு, ஹாம்பர்க் வரை 15,000 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 225 கிலோ. விமானத்துக்குச் சுமார் 600 கிராம், பிராங்க்பர்ட்டுக்கு 7,600 கிலோமீட்டர், நாலரை டன். எஃகு செய்ததைப் போல இரண்டு மடங்கு! அந்த நாலரை டன் சிபாம் ஷீட்டில் எங்கேயும் வராது. உற்பத்தியில் வந்த புகையைத்தான் அது கேட்கிறது. டேவிட் ஹம்மல்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞரும் மற்றவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்றுமதி சார்ந்த புகையில் 33 சதவீதம் சர்வதேசப் போக்குவரத்திலிருந்தே வருகிறது என்று கண்டார்களாம். இதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த வேகத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். லியோன்டீஃப் என்ற பொருளாதார அறிஞரின் அட்டவணைதான் என்றார். ஒரு தொழில் இன்னொரு தொழிலிடம் எதை எவ்வளவு வாங்குகிறது என்று கட்டம் கட்டமாகக் காட்டும் கணக்கு அது. 1973இல் லியோன்டீஃபுக்கு நோபல் கிடைத்தது. மேடம் அதை வேலைவாய்ப்பைக் கணக்கிடத்தான் படித்தாராம். லியோன்டீஃபே 1970இல் அதில் மாசையும் ஒரு வரிசையாகச் சேர்த்துக் காட்டியிருந்தார். அதே அட்டவணையை வைத்துப் பின்னால் வந்தவர்கள் புகையைப் பின்தொடர்ந்தார்கள். வளரும் நாடுகளிலிருந்து பணக்கார நாடுகளுக்குப் பொருளாகப் போன நிகரக் கார்பன் டை ஆக்சைடு 1990இல் 40 கோடி டன், 2008இல் 160 கோடி டன். தங்கள் ஊரில் புகை குறைந்தது என்று பணக்கார நாட்டுக்காரர்கள் சொல்லும்போது, அதில் ஒரு பங்கு நம் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை, இன்றைக்கும்.

திருவொற்றியூரிலிருந்து:

அண்ணே, நான் சரக்குக்குக் கஸ்டம்ஸ் கிளியரிங் செய்யும் வேலையில் இருக்கிறேன். உங்கள் மேடம் சொன்ன அதே ஹம்மல்ஸ் இன்னொரு ஆய்வு செய்திருக்கிறார், எங்கள் ஆபீசில் ஒரு ட்ரெய்னி பிரிண்ட் எடுத்து ஒட்டியிருக்கிறான். சரக்கு வழியில் நிற்கும் ஒவ்வொரு நாளும் 0.6 முதல் 2.1 சதவீதம் வரி போட்டதற்குச் சமம். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி இரவு முழுக்க நிற்கும்போது டிரைவர்கள் அடுப்பு பற்றவைத்து ரசம் காய்ச்சுவார்கள். அந்த ஒரு ராத்திரியின் விலை இவ்வளவு என்று முதல் முறை புரிந்தது. விமானத்துக்கு ஏன் ஓடுகிறார்கள் என்பதும்.

தரமணியிலிருந்து:

நானும் அந்தக் கருத்தரங்கில் இருந்தேன். எனக்கு மனதில் நின்றது, வேலையை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆஃப்ஷோரிங் பற்றிய பகுதி. 2004இல் என் முதல் வேலை, அமெரிக்கக் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது. அங்கே யாரோ செய்துகொண்டிருந்த வேலை அது. அந்த யாரோவை நான் நினைத்ததே கிடையாது. டென்மார்க்கில் ஒவ்வொரு தொழிலாளியையும் அவர் வேலை செய்த கம்பெனியோடு சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். வேலை வெளிநாட்டுக்குப் போனபோது அதிகம் படித்தவர்களின் சம்பளம் ஏறியது, குறைவாகப் படித்தவர்களுக்கு இறங்கியது. இதைச் சொல்லிவிட்டு மேடம், “இந்த அறையில இருக்கிற பலர் மறுமுனையில இருந்தவங்க” என்றார். யாரும் பேசவில்லை. என் பையன் பிளஸ் டூவில் பொருளாதாரம் எடுக்கிறேன் என்றபோது நான் தடுக்காததற்கு அந்த மதியம்தான் காரணம்.

அம்பத்தூரிலிருந்து:

ஷீட் என்ன ஆயிற்று என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: கம்பி விற்ற டீலருக்கு ஆறு முறை போன் செய்தேன். அவருக்கே தெரியவில்லை. கடைசியில் ஒவ்வொரு காயிலிலும், அதாவது கம்பிச் சுருளிலும், தொங்கும் சின்னத் தகட்டில் அது ஆலையில் எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பர் இருப்பதைப் பார்த்து, அதை வைத்து ஆலையிடமே எழுதிக் கேட்டோம். ஊதுலைக் கம்பிதான். எண் கிடைத்தது, ஷீட்டும் போனது. இப்போது லாரியில் காயில் வந்து இறங்கியதும், எடை போடுவதற்கு முன்னால் அந்தத் தகட்டைத் துடைத்துப் போட்டோ எடுத்துவிடுகிறேன்.