‘எலெக்ட்ரா’ ஓபராவில் அந்தச் சாம்பல் கலசத்தை நீக்கியிருக்கலாமா?

மாறன்77:
ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘எலெக்ட்ரா’ (டிரெஸ்டன், 1909) பெரிய ஓபராதான். ஆனால் அதற்குக் கவிஞர் ஹோஃப்மன்ஸ்தால் எழுதிய வசனம், மூலக் கதையை நாடகமாக்கிய பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸுக்குச் செய்த அநியாயம். சோஃபக்ளீஸின் நாடகத்தில், அப்பாவைக் கொன்ற அம்மாவைப் பழிவாங்க வருவான் என்று காத்திருந்த தம்பி ஓரெஸ்ட் செத்துவிட்டான் என்று நம்பி, சாம்பல் கலசத்தை மார்போடு அணைத்து எலெக்ட்ரா அழுவாள். தம்பி எதிரிலேயே நிற்பான். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் தான் யாரென்று சொல்வான். அந்தக் கலசத்தையே தூக்கிவிட்டார்கள். போதாததற்கு, கடைசியில் அவளை ஆடவிட்டுச் சாகடித்தும் விட்டார்கள். சோஃபக்ளீஸில் அவள் சாகவே இல்லை!

தேன்மொழி:
அதற்குப் பதிலாக என்ன வந்தது என்பதை விட்டுட்டீங்களே மாறன். கிழ வேலைக்காரன் ஓடிவந்து ஓரெஸ்டின் காலில் விழுவான். முற்றத்து நாய்களுக்கே என்னைத் தெரிகிறது, என் அக்காவுக்குத் தெரியவில்லையா என்று அவன் கேட்பான். எனக்கு அங்கேயே தொண்டை அடைத்துவிடும்.

மாறன்77:
நாய் வரி அழகுதான். ஆனால் அது 1903-இல் மேடையேறிய ஹோஃப்மன்ஸ்தாலின் நாடகத்திலேயே இருந்ததுதானே? ஸ்ட்ராஸ் அதை வெட்டிச் சுருக்கி இசையமைத்தார். கலசம் இருந்த இடத்தில் இசை என்ன கொடுத்தது?

வயலின்பிரியன்:
வெட்டினார் சரி, கூடுதலாகக் கேட்டும் வாங்கினாரே! “ஓரெஸ்ட்!” என்று அவள் கத்தியதும் நூற்றுக்கும் மேற்பட்ட வாத்தியங்கள் ஒரேயடியாக வெடிக்கும். பிறகு ஒவ்வொன்றாக அடங்கும். அந்த அமைதியில் அவள் பாட வரிகள் போதவில்லை என்று ஸ்ட்ராஸ் கவிஞருக்கு எழுதினார். அவரும் எழுதி அனுப்பினார். தம்பியைக் கனவுருவே என்று அழைக்கும் இடம் அப்படி வந்ததுதான். கலசத்தின் மேல் விழுந்த கண்ணீர் இங்கே உயிரோடு இருக்கும் தம்பி மேல் விழுகிறது. ஸ்ட்ராஸ் எழுதியதிலேயே எனக்கு மிகப் பிடித்த பக்கங்கள் இவை.

மாறன்77:
அந்த இடத்தை ஒப்புக்கொள்கிறேன். சாவை ஒப்புக்கொள்ள மாட்டேன். பழி தீர்ந்த பிறகும் உயிரோடு நிற்பதுதான் கடினம். சோஃபக்ளீஸ் அதைத்தான் அவளுக்கு விட்டுவைத்தார்.

தேன்மொழி:
கோடரியை நினைத்துப் பாருங்க. அப்பாவை வெட்டிய கோடரியை இந்த ஒரு நாளுக்காகத்தான் புதைத்து வைத்திருந்தாள். தம்பி உள்ளே போன பிறகுதான், அதைக் கொடுக்க மறந்தது நினைவுக்கு வருகிறது. கூண்டு மிருகம் போல வாசலில் அலைகிறாள். உள்ளே அம்மாவின் அலறல் கேட்கிறது. அவள் காத்துவைத்த கோடரி இல்லாமலே காரியம் முடிந்துவிட்டது. இனி எதற்காக அவள் காத்திருக்க வேண்டும்?